நாற்பத்தொன்று

ப்ளோவ்திவ் நகரத் துணிக் கிடங்கின் கதவு வழியே மே மாத வெயில் சிமென்ட் தரையில் சாய்ந்து விழுகிறது. ருமியானா கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பார்கோடு துப்பாக்கியைக் காட்டி, நாற்பது 'பீப்' கேட்ட பிறகே பெட்டியை ஒட்டியிருக்கிறாள். புதிதாக நிறுத்திய ஆர்எஃப்ஐடி வாயிலோ பெட்டியைத் திறக்காமலே, கோட்டுகளில் தைத்த சில்லுகளை ரேடியோ அலையால் எண்ணி, நாற்பத்தொன்று என்கிறது. “மெஷின் பொய் சொல்லாதும்மா. எண்ணத் தெரியலைன்னா வேற வேலை பாத்துக்கோ,” என்கிறார் மேற்பார்வையாளர் ஸ்தோயில், அந்த எண்ணும் வாயிலிலேயே சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி. மூன்றாம் முறையும் நாற்பத்தொன்றுதான். ருமியானா திரையைப் பார்க்கவில்லை. இந்த வெயிலிலும் அவர் கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கும் புதுக் கோட்டையே பார்க்கிறாள். “அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னொரு தடவை எண்ணிடலாம்.” விதை கொறிக்கும் சத்தம் நின்றுபோகிறது.