கீறும் பேனா

வலது கையில் மாவுக்கட்டு. பஸ் படியில் வழுக்கி விழுந்ததன் பரிசு. வேறு வழியில்லாமல் இடது கையை நீட்டி அந்தப் பச்சைப் பேனாவை எடுத்தேன்.

“அது கீறும் சார், வேணாம் லா,” என்றார் சேக் தாவூது பாய்.

பத்து வருஷமாக அந்தப் பேனாவைப் பற்றி இதையேதான் சொல்கிறார்.

சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையில் தார்ப்பாய் விரித்து, பிஸ்கட் டின் மூடியில் பழைய ஜப்பான் பாக்கெட் பேனாக்களைப் பரப்பி வைத்திருப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் என் கால்கள் தாமாக அங்கே போய் நிற்கும். வலக்கையால் பேனாவை நீட்டுவார், அதே கையால் காசை வாங்குவார். இடக்கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள். காசைக் காவல் காக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பேனாக்கள் மேல் எனக்குப் பித்து. மூடியிருந்தால் ஆள்காட்டி விரல் நீளம்தான். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் முழுப் பேனா. முப்பத்தொன்று வாங்கியாயிற்று, இன்னும் ஒவ்வொரு முறை செருகும்போதும் வாய் பிளக்கிறேன். எப்படித்தான் யோசித்தானோ அந்த ஜப்பான்காரன்!

ஆனால் ஒன்றுகூட வீட்டில் ஒழுங்காக எழுதியதில்லை. கடையில் வழுக்கிக்கொண்டு போகும், வீட்டு மேசையில் தாளைக் கிழிக்கும். மையை மாற்றினேன், தாளை மாற்றினேன். மனைவி மதலேனா சிரிப்பதோடு சரி. ஒரே ஒரு பேனா, ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலில்லாமல் எழுதினால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

நான் இடக்கைக்காரன். ஆனால் வீட்டுக்குள் மட்டும்.

நாலு பேர் முன்னால் இடக்கையை நீட்டக்கூடாது என்று சின்ன வயதிலேயே விரல் முட்டியில் அடித்துப் பழக்கிவிட்டார்கள். அதனால் பாய் முன்னால் வலக்கையால்தான் இரண்டு கோடு கிறுக்கிப் பார்த்து வாங்குவேன்.

அன்று, கட்டுக்கு வெளியே நீண்ட விரல்களால் மூடியைக் கழற்றி, பேனா முள்ளைப் பாயின் மைப்புட்டியில் தொட்டேன். அவருடைய பழைய நோட்டில், இடக்கையால், வழக்கம்போல் ஒரு சிறு சிலுவை போட்டுத் தொடங்கினேன்.

சத்தமே இல்லை.

லாசரஸ் என்று என் பெயரை எழுதினேன். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிப் புது வீட்டின் புளோக் எண்ணை எழுதினேன். தண்ணீர் மேல் விரலால் எழுதுவது போலிருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பழைய பேனாவின் முள், எழுதியவர் கைக்குத் தக்கபடி தேய்ந்திருக்கும். வலக்கைக்காரர்கள் தேய்த்த பேனாக்களை வலக்கையால் சோதித்து வாங்கிப்போய், இடக்கையால் எழுதிவிட்டுத் திட்டியிருக்கிறேன்.

அப்படியானால் இதை எழுதித் தேய்த்தவர் ஓர் இடக்கைக்காரர். ஜப்பானில் யாரோ. முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

“எவ்வளவு பாய்?”

பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து இடக்கையை வெளியே எடுத்தார். பேனாவை வாங்கி, என் சிலுவைக்குப் பக்கத்தில் 786 என்று எழுதினார். என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

அப்போதும் சத்தமே இல்லை.

இரண்டு பெயர்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“கீறும், கீறும்னு சொல்லியே எல்லாரையும் விரட்டிட்டேன் சார்,” என்றார்.

பேனாவை மூடி, இடக்கையாலேயே என்னிடம் நீட்டினார்.

நானும் இடக்கையால் வாங்கிக்கொண்டேன்.