நீலத்துக்குள் ஒரு பாறை

“அங்கே பாறைன்னு அடிச்சுச் சொல்றீங்களே ஹல்வார் அண்ணே, திரையில மணல்தானே தெரியுது?” என்றாள் சுன்னிவா.

ஹல்வார் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் துறைமுகமே மிதந்துகொண்டிருந்தது. உள்ளே, அவள் மேசைத் திரையில் கடலின் அடித்தரை விரிந்து கிடந்தது. தீவுப் படகுகள் போகிற வழியெல்லாம் அளந்து அனுப்பும் ஆழங்களைக் கோத்து அவள் உருவாக்கிய படம். பச்சை மேடுகள், நீலப் பள்ளத்தாக்குகள். பார்த்துக்கொண்டே இருந்தால் மூச்சுகூட மெதுவாகிவிடும்.

தெற்கே ஒரு நீலச் சமவெளியில் மட்டும் எச்சரிக்கையாகப் போட்ட ஒன்பது சிவப்புக் குறிகள். ‘பாறை. வலை கிழியும்.’

“என் வலை கிழிஞ்சுதும்மா.”

“ஒம்பது குறியும் இதையேதான் சொல்லுது. உங்கள்ல ஒருத்தராவது கரையில உக்காந்து வலை தைச்சதை நான் பாக்கலியே?”

“கடல்லயே தைச்சுட்டோம்.”

“எல்லாருமா? அடேயப்பா! நீங்க அனுப்பற ஒவ்வொரு ஆழமும் மொதல்ல என் கண்ணுலதான் படுது, அண்ணே. இப்படி ஒரு பாறையை நான் பாக்கவே இல்லையே.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று மாலை அந்தப் படம் பெர்கன் நகரம் வரை எல்லாத் துறைமுகங்களுக்கும் போகிறது. உறுதியாகாத குறிகளை அழித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அழித்தால் நாளைக்கே வெளியூரின் பெரிய இழுவைப் படகுகள் அங்கே வலை போடும். ஆஸ்மண்டின் படகு துண்டுதுண்டாக மேலே வரும்.

ஆஸ்மண்ட், சுன்னிவாவின் கணவன். நான்கு வருடங்களுக்கு முன் பனிக்காலப் புயலில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அடுத்த வசந்தத்தில் ஹல்வாரின் ஆழமளக்கும் கருவி அந்தச் சமவெளியில் அவன் படகைக் காட்டியது. தூங்குகிறவனைப் போல ஒருக்களித்துக் கிடந்தது. அவளிடம் சொல்ல நா எழவில்லை. துறையில் ஆஸ்மண்ட் படகைக் கட்டிவைக்கும் இடத்தை இன்னும் காலியாகவே வைத்துக் காத்திருக்கிறாளே! ஆயிரமாயிரம் எண்களுக்கு நடுவே இது அவள் கண்ணுக்குத் தப்பியது கடவுள் செயல் என்று எண்ணி, பேசாமல் பாறைக் குறி போட்டார். அவருக்கு முன்பே யாரோ ஒரு குறி போட்டிருந்தார்கள். யாரென்று அவர் கேட்கவில்லை. துறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

“அழிச்சுடாதே சுன்னிவா,” என்றார். “பாறைதான். என்னை நம்பு.”

அவள் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தாள்.

“உறுதின்னு எழுதினா, முதல்ல குறி போட்டவங்க பேரைக் கேப்பாங்களே.”

“என் பேரைப் போட்டுக்கோ.”

“உங்களுது ரெண்டாவது, அண்ணே.”

திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். முதல் குறி திறந்திருந்தது. ஆஸ்மண்டைத் தேடி எல்லாரும் கடலைச் சலித்த அந்த வாரத்துத் தேதி. அதன் கீழே, படகே இல்லாத ஒருத்தியின் பெயர்: சுன்னிவா.