சாயாத லேண்ட்மாஸ்டர்

"வளைவுல வண்டி சாயக் கூடாது, மாரி. என்ன பண்ணுவியோ, பட்டறைக்குக் கொண்டு போ" என்றார் சின்னவர் செங்கோட்டையன்.

டிரைவர் மாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

மல்லசமுத்திரத்தில் அண்ணன் அப்புசாமியும் தம்பி செங்கோட்டையனும் காடு, கிணறு, மாட்டுக் கொட்டகை என்று எல்லாவற்றையும் பங்கு பிரித்தாகிவிட்டது. அப்பா விட்டுப்போன லேண்ட்மாஸ்டர் காரைத்தான் வெட்ட முடியவில்லை. ஒரு வரப்புக்காக ஒருவர் மேல் ஒருவர் போட்ட கேசுக்கு, வாய்தாவுக்கு வாய்தா அதே காரில்தான் சேலம் போனார்கள். ஒருவர் பஸ்ஸில் போனால் கார் மற்றவருக்கு என்று ஆகிவிடுமே.

பின் சீட்டில் ஆளுக்குப் பாதி. வருஷக்கணக்காகப் பேச்சில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மாரியிடம் சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், காருக்கு வயசாகிவிட்டது. பின் ஸ்பிரிங் தளர்ந்து, திருப்பத்துக்குத் திருப்பம் சினை மாடு மாதிரி ஒருக்களிக்கும். பெரியவர் நல்ல கனம். மூட்டையாகத் தம்பி மேல் வந்து விழுவார்.

வரப்பைத் தாண்டின ஆள் இப்போது சீட்டையும் தாண்டுகிறார் என்று சின்னவர் பொருமினார். கூடப் பிறந்தவன் உடம்பு பட்டால் இவன் பொசுங்கியா போவான் என்று டீக்கடையில் ஆள் ஆளுக்குத் திட்டினார்கள்.

திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூட்டி, சக்கரத்துக்குச் சக்கரம் குறுக்கே ஓர் இரும்புத் தண்டும் பூட்டினார்கள். இனிக் கல்லுக்குக் கல் முதுகெலும்பு கத்தும், ஆனால் வண்டி சாயாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெரியவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கொஞ்சங்கூடவா சாயாது?"

"சாயாதுங்க."



அடுத்த வாய்தாவுக்குப் போகையில், ஆட்டையாம்பட்டி தாண்டி ஒரு திருப்பத்தில் மாரி வேண்டுமென்றே வேகமாக ஒடித்தான். கார் கல்தூணாக நின்றது. பெரியவர் கதவோரமாக ஒடுங்கி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தம்பி மேல் ஒரு விரல்கூடப் படாமல் உட்கார்ந்திருந்தார்.

வேலை சுத்தம் என்றான் மாரி. சின்னவர் நடுவில் கிடந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த திருப்பம் போனது. அதற்கடுத்ததும் போனது.

அப்புறம் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. மாரி கண்ணாடியில் பார்த்தான். ஒரு வளைவும் இல்லாத இடத்தில் சின்னவர் மெல்லச் சரிந்து, அண்ணன் தோளில் போய்ச் சாய்ந்தார்.

"வண்டி இன்னுஞ் சாயுதுங்கண்ணா" என்றார்.

பெரியவர் ஜன்னலைப் பிடித்திருந்த கையை விட்டார்.

"சாயட்டும், சாமி."