சாய்த்துப் பார்த்த வண்டி

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன், அவர்கள் இருவரின் அளவுகளைச் சொல்லிவிடுவது நல்லது.

கால்நடை மருத்துவரான அவளுடைய உயரம் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. எடையை யாராவது கேட்டால், "மூணு இலக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் அவள் தோளுக்குக் கீழே நிற்பவர். பலமாகக் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு.

பண்ணை பண்ணையாகச் சென்று மருத்துவம் பார்க்கும் பதவி அவளைத் தேடி வந்திருந்தது. மாத முடிவுக்குள் சொந்தமாக ஒரு வண்டி இல்லையென்றால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

ஸ்கூட்டர் அவளுக்குத் தோதுப்படவில்லை. கணவருடையதை ஓட்டிப் பார்த்தபோது, திருப்பத்துக்குத் திருப்பம் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. ஆகவே மோட்டார் சைக்கிள்தான் என்று முடிவாயிற்று. புதிதாக ஓட்டப் பழகுகிறவர் எப்படியும் ஓரிரு முறை கீழே போடுவார் என்பதால், பழைய வண்டிகள் விற்பவரிடம் போனார்கள்.

வியாபாரி காட்டிய முதல் வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்தாள். "மேடம், வண்டி எங்கேன்னு தேட வேண்டியிருக்கே" என்று சொல்லிவிட்டு அவரே அதை ஓரங்கட்டினார்.

அடுத்தது கறுப்பு நிறம். நல்ல உயரம், நல்ல கனம். உட்கார்ந்ததும் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தன் அளவுக்கென்றே தைத்த உடையைப் போட்டுக்கொண்டவள்போல அவள் நிமிர்ந்தாள்.

கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதைக் கொஞ்சம் கீழ சாய்ச்சுப் படுக்க வைங்க" என்றார்.

வியாபாரி அவளைப் பார்த்தார். வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், உதைத்துப் பார்ப்பார்கள், படுக்க வைத்து எவரும் பார்த்ததில்லை என்று முனகினார். ஆனாலும் அவள் இறங்கியதும் ஒரு பழைய மெத்தையை விரித்து அதன்மேல் சாய்த்தார்.

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். நெற்றி நரம்பு புடைத்ததுதான் மிச்சம், வண்டி அசைந்துகொடுக்கவில்லை. அவள் அருகில் வந்து, குனிந்து, அதை நிமிர்த்தி நிறுத்தினாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

இதன் நிறம் சரியில்லை என்றார் கணவர்.

சாம்பல் நிற வண்டியை மெத்தையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தாங்க முடியாமல் கீழே விட்டார். அதன் ஹாரன் காதுக்கு ஒத்துவரவில்லையாம். சிறிய சிவப்பு வண்டி ஒன்றை ஒரே இழுப்பில் நிமிர்த்திவிட்டு, வண்டியென்றால் இதுதான் வண்டி என்று பாராட்டினார். அவள் அதில் உட்கார்ந்தபோது முழங்கால்கள் முழங்கைகளைத் தொட்டன.

வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "சார், ஓட்டப்போறது மேடம்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"எடுக்கிறது அவங்களுக்கு, தூக்கிப் பார்க்கிறது நீங்க. அதான் கேட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. பதவி தேடி வந்த செய்தியை, கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதர்தான். ஆனாலும், தன்னால் அசைக்க முடியாத வண்டி மனைவியிடம் இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை போலும். இத்தனை ஆண்டுகள் குடித்தனம் நடத்தியும் இந்த வீம்பு இவருக்குள் இருந்ததைக் கண்டுபிடிக்காமல் போனோமே என்று நினைத்துக்கொண்டாள்.

டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்கு அவரை அழைத்துப்போனாள்.

"அந்தக் கறுப்பு வண்டியை நான் தூக்கினதைப் பார்த்தீங்கல்ல? உங்களால முடியாததை நான் செய்யக்கூடாதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"வண்டி கீழ விழுந்தா நீ தூக்கிடுவ. அது எனக்குத் தெரியாதா? உன் மேலயே விழுந்தா யார் தூக்குறது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"நீ பழகுற வரைக்கும் ஸ்கூட்டர்ல உன் பின்னாடியே வரப்போறேன். கடையை மத்தியானமாத் திறந்தாப் போதும். அப்படிக் கூடவே வந்தும், தூக்க முடியாம நின்னு வேடிக்கை பார்க்கிறதுக்கு நான் எதுக்கு?"

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னங்க?"

"விழுறதைப் பத்தி வாங்குறதுக்கு முன்னாடியே பேசுவாங்களா? நீ பயந்துட்டா?"

அவள் நேரே போய்க் கறுப்பு வண்டியைத் தானே மெத்தையில் சாய்த்தாள்.

"கையால இழுக்காதீங்க. திரும்பி நின்னு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி எழுந்திருங்க. எழ முடியாமப் படுத்துட்ட மாட்டுக்கு நாங்க அப்படித்தான் முட்டுக் கொடுப்போம்."

முதல் தடவை அவர் வழுக்கி மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தடவை வண்டி பாதி எழுந்து திரும்பப் படுத்தது. அதற்கும் அடுத்த தடவை, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட, பற்களைக் கடித்துக்கொண்டு அவர் எழுந்தபோது வண்டியும் கூடவே எழுந்து நின்றது. வியாபாரி தன்னை மறந்து கைதட்டினார்.

அதன் நிறம் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்றார் கணவர்.

பிறகு முடிவானவை இவை: கறுப்பு வண்டியே வாங்கப்பட்டது. காலை நசுக்காமலிருக்க அதன் இருபுறமும் இரும்புக் கம்பி பொருத்தப்பட்டது. பதவி அவளுக்கே உறுதியாயிற்று. கண்ணாடிக் கடை மதியத்துக்குமேல்தான் திறக்கும் என்ற அட்டை கதவில் தொங்கியது. முதல் மாதத்தில் வண்டி அவள்மேல் ஒருமுறைகூட விழவில்லை. அவள் இறங்கிய பின் தரையில் மட்டும் இருமுறை சாய்ந்தது. இருமுறையும் அவள் அதைத் தொடவில்லை. பின்னால் வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து சேரும்வரை, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.