கேட்டுக்குக் குறுக்கே

குழாயடியில் கை கழுவப் போனேன். அதற்குள் உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

சூடாமணி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வியர்வை. முப்பத்தோரு வருஷத்தில் என் பெண்டாட்டி அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தி.நகரில் வீடு இருக்கிறவனுக்கு என்ன குறை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். பஸ் ஸ்டாண்டு நாலு நிமிஷம். மாம்பலம் ஸ்டேஷன் ஆறு நிமிஷம். ஆஸ்பத்திரி, காரில் போனால் மூன்றே நிமிஷம்.

ஆனால் அன்று தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்கத் தலைகள். ஆட்டோ எதையும் போலீஸ் உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எவனும் எடுக்கவில்லை.

என் ஃபியட் ஷெட்டில் தயாராக நின்றது. கேட்டுக்கு வெளியே, குறுக்கே, எவனோ நிறுத்திவிட்டுப் போன வெள்ளை மாருதி.

இங்கே வண்டி நிறுத்தாதீர் என்று சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை எடுக்க வருகிறவனுக்கு அதெல்லாம் கண்ணிலா படும்? வருஷா வருஷம் இதே கூத்து. நான் கத்துவேன். பண்டிகைதானே, விடுங்கள் என்பாள் சூடாமணி.

முனைத் துணிக்கடைக்கு ஓடினேன். நாளெல்லாம் என் காதைக் கிழிக்கிற அதே மைக்கில் வண்டி நம்பரைச் சொன்னார்கள். உயிர் போகிற அவசரம் என்றும் சொன்னார்கள்.

நான் திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு ஜெயபாரதியும் அவள் புருஷனும் சூடாமணியை நாற்காலியோடு தூக்கிவந்து கேட்டருகே வைத்திருந்தார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது.

வண்டிக்காரன் வந்தேவிட்டான். தோளில் குழந்தை, இரண்டு கையிலும் பைகள், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றிருந்தேன். அவன் பைகளைத் தரையில் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்க சார், தப்பு என்னுதுதான். அம்மாவ என் வண்டிலயே ஏத்து, நானே இட்டுக்கினு போறேன்."

கதவைத் திறந்தவன் கீழே பார்த்தான். குழந்தையோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நான்கு டயரும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன.

"எந்தப் பாவி சார் செஞ்சான் இத?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கேட்கிற வரைக்கும் எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

சூடாமணி மட்டும் என் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் டயர்க் கரி.

என் சட்டைப் பையில் நான்கு வால்வு மூடிகள் இருந்தன.