மூன்றிலிருந்து இரண்டுக்கு

ஒரகடம் தொழிற்சாலையின் கேண்டீனில், பேக்கிங் அட்டை ஒன்றின் மேல் பென்சிலோடு குனிந்திருக்கிறாள் ஷாலின். மதியம் அஞ்சல்வழி எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வு, போன முறை இந்தக் கேள்வியில்தான் தோற்றாள். நீளம் ஒன்றாக உள்ள இரண்டு திசையன்கள். அவற்றின் சமச்சீர் டென்சர் பெருக்கத்தை, அதாவது வரிசை மாற்றினாலும் மாறாத பெருக்கத்தை, தன்னைத் தானே பெருக்கிய வர்க்கங்களால் மட்டும் எழுதினால் அதன் அளவு எதுவரை ஊதும்? இரண்டையும் கூட்டி, அந்த வர்க்கத்திலிருந்து தனித்தனி வர்க்கங்களைக் கழித்துப் பாதியாக்கினால் மூன்று வருகிறது: கழிக்கும் உறுப்பின் அளவும் கூடித்தான் சேரும், நாலும் ஒன்றும் ஒன்றும் ஆறு, அதில் பாதி. புத்தகமோ இரண்டு என்கிறது. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயில் அட்டையின் ஓரத்தை மஞ்சளாக்குகிறது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று பின்வாங்குகிறது. “டீ ஆறிப்போவுது ஷாலினு. அட்டைய பார்சல்ல வெச்சி அனுப்பு, வாங்குறவன் பாஸ் போடட்டும்,” என்கிறாள் அதே லைனில் வேலை செய்யும் லூர்து மேரி. “கூட்டிப் பாத்துக்கினு கீறேன்க்கா, ஒத்துவரல.” “கூட்டி வரலன்னா கழிச்சிப் பாரேன், இன்னா பெரிய கணக்கு!” பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடுகிறது. கூட்டியதன் வர்க்கத்திலிருந்து கழித்ததன் வர்க்கத்தைக் கழித்து நாலால் வகுத்தால் அதே பெருக்கம். கூட்டினாலும் கழித்தாலும் நீளம் இரண்டைத் தாண்டாது. வர்க்கம் நாலைத் தாண்டாது. நாலும் நாலும் எட்டு, நாலால் வகுத்தால் இரண்டு. திசையன்கள் எந்த வெளியில் இருந்தாலும் அளவு இரண்டுக்கு மேல் ஊதாது.