நடுவில் வரும் குரல்

“இது வேண்டாம். வேற போடுங்க.”

அந்த அம்மாள் சொன்ன வேகத்தில் சேல்ஸ்மேன் கையிலிருந்த ஒயரை நழுவவிட்டான். காலையிலிருந்து அவன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே மாட்டிக் காட்டிய சென்டர் ஸ்பீக்கர் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. வாய் திறந்து விலை சொல்வதற்குள் ஒவ்வொன்றையும் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கூட வந்திருந்த கணவரோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். “நல்லாத்தான் இருக்கு. இதையே வாங்கிக்கலாமே” என்று எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். அந்த வீட்டில் யார் ராஜ்ஜியம் என்று புரிந்துகொண்டு சேல்ஸ்மேன் நமட்டுச் சிரிப்பு சிரித்தான்.

அம்மாள் செய்ததெல்லாம் விசித்திரமாக இருந்தது. சத்தம் சரியாக வந்து விழும் நடு நாற்காலியில் கணவரை உட்காரவைத்துவிட்டு, தான் ஓரமாக, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். கேட்டுப் பார்க்கும் அறையில் விளக்கைக் குறைப்பது வழக்கம். அதற்கும் தடை போட்டார். மனுஷர் தூங்கிவிடாமல் காவல் காக்கிறார் போலிருக்கிறது என்று சேல்ஸ்மேன் நினைத்தான்.

அம்மாளுக்கு எதிரே வந்து நின்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். “அம்மா, உங்க வீட்டுல ரெண்டு பக்கமும் இருக்கிறது இங்க மாட்டியிருக்கிற இதே ஜோடிதான். ஆனா அதோட பொறந்த சென்டர் இப்ப தயாராகிறதில்ல. ஓரளவுக்கு ஒத்துப்போனாப் போதும்னு எடுத்துக்கணும்.”

“அந்த ஓரளவு வேண்டாம் தம்பி. பழசு கருகிப்போனதும் மெக்கானிக் கையில கெடைச்சதை மாட்டிட்டுப் போனான். பட்டதே போதும்.”

அவர்கள் கொண்டுவந்திருந்த டிஸ்கை மறுபடியும் ஓடவிட்டான். அது ஒரு மேடை நாடகம். ஓர் இளம்பெண் இடது ஓரத்திலிருந்து பேசிக்கொண்டே நடந்து, மேடையைக் கடந்து வலது ஓரத்துக்குப் போகிறாள். அவளோடு அவள் குரலும் நடந்து போனது. இடது ஸ்பீக்கரில் கணீரென்று பேசியவள், நடுவில் வந்ததும் சளி பிடித்தவள் மாதிரி ஆனாள். வலது பக்கம் போனதும் பழையபடி கணீரென்றாள்.

“வேண்டாம்,” என்றார் அம்மாள்.

சேல்ஸ்மேன் டிஸ்கை நிறுத்திவிட்டுத் திரும்பினான். “பிரமாதமாப் பேசுறாங்கம்மா. யாரு இவங்க? இப்ப எந்த நாடகத்துல நடிக்கிறாங்க?”

கணவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அம்மாள்தான் சொன்னார். “எங்க பொண்ணு. இந்த நாடகம் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில கார் கவுந்துடுச்சு. நானும் கூடத்தான் வந்தேன். நான் பொழைச்சுட்டேன்.”

சேல்ஸ்மேன் இத்தனை நேரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததை நினைத்துக் கூசிப்போனான்.

“தினமும் சாயங்காலம் இவர் இதைப் போட்டுட்டு உக்காருவார். அந்த ஒரு நேரம்தான் மனுஷனா இருப்பார். சென்டரை மாத்தினதிலிருந்து போடுறதே இல்ல. விடாம நச்சரிச்சப்புறம், ‘நடுவுல வந்ததும் அவ வேற யாரோ ஆயிடுறா’ன்னு சொன்னார். இப்ப சரியா சாப்பிடுறதுகூட இல்ல.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இதுவே போதும், பில் போடுங்க,” என்றார் கணவர்.

“இவர் எதைத்தான் போதாதுன்னு சொல்லியிருக்கார்? நீங்க தேடிப் பாருங்க தம்பி. எனக்காக.”

அந்தக் கடைசி வார்த்தையைத் தட்ட அவனுக்கு மனசு வரவில்லை. மாடியிலிருந்த கிடங்குக்கு ஓடினான். காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், எப்போதோ காட்சிக்கு வைத்து ஓரம் கீறல் விழுந்ததால் ஒதுக்கிப்போட்ட ஒரு சென்டர் ஸ்பீக்கர் இருந்தது. அதே ஜோடியோடு வந்தது. சட்டையாலேயே தூசியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

மாட்டினான். அந்தப் பெண் இடது ஓரத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். நடுவுக்கு வந்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. அதே பெண் மூச்சு வாங்கிச் சிரித்து, வலது ஓரம் வரை பேசிக்கொண்டே போனாள்.

கணவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். போதும் என்றோ நன்றாக இருக்கிறது என்றோ இந்த முறை அவர் சொல்லவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்த அம்மாள் எழுந்து அவரிடம் போனார்.

“இதுதான் தம்பி. கட்டிக் குடுத்துடுங்க.”

சேல்ஸ்மேனுக்கு ஆச்சரியமாக இருந்தது. எத்தனையோ பாட்டு வாத்தியார்கள், ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இப்படி ஒரே தீர்மானமாகச் சொன்னதில்லை. அம்மாளுக்குப் பின்னால் மண்டியிட்டு ஒயரைக் கழற்றிக்கொண்டே மனசாரச் சொன்னான்.

“அம்மா, உங்களுக்கு இருக்கிற காது எனக்கிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.”

அம்மாள் ஒன்றும் சொல்லாமல் கணவரின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் இருக்கிறார், ஆனாலும் பாராட்டு போய்ச் சேரட்டும் என்று அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னான்.

கணவர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“முன்னாடி வந்து சொல்லுங்க தம்பி. அந்த விபத்துலேயே அவளுக்குக் காது போயிடுச்சு.”